இரண்டாம் முறை முடுக்காத மூடி

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

என் பெயர் ராமசேஷன். மயிலாப்பூரில் பிறந்தவன். முப்பத்திரண்டு ஆண்டுகளாக ஐரோப்பாவின் வடபகுதியில் ஒரு சிறு நகரில் வசிக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளி சென்றதில்லை. என் உடன்பிறந்தோர் ஆடிட்டராகவும் ஆசிரியையாகவும் ஆனார்கள்; நான் மந்தைவெளியில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போனேன். எழுத்துத் தமிழைப் பிற்காலத்தில் நானாகவே கற்றுக்கொண்டேன். நடையில் குறை இருப்பின் பொறுத்தருள்க. பொருளில் உள்ள குறையைப் பொறுக்கும்படி நான் கேட்கவில்லை. அதைச் சொல்லிவிடவே உங்கள் இதழுக்கு எழுதுகிறேன்.

1

சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்றேன். நான் வேலை பார்த்தது இந்நாட்டு அரசு நடத்தும் நியூட்ரான் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. பிழை என்னுடையது, நிலையத்தினுடையது அன்று. ஆய்வாளர்கள் கொண்டுவரும் மாதிரிப் பொருள்களைச் சிறிய அலுமினியப் பாத்திரங்களில் அடைத்துக் கருவியில் இறக்கித் தருவது என் தொழில்.

பிரிவு உபசாரத்தன்று இளைய சகாக்கள் ஒரு புத்தகம் பரிசளித்தனர். நிலையத்தின் பதிவேடுகளில் என் கையெழுத்து உள்ள பக்கங்களைத் தேடியெடுத்துப் படியெடுத்து, துணி அட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். 'அடைத்தவர்: ரா.சே.' என்ற வரி பக்கத்துக்குப் பக்கம் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் கண்கலங்கிவிட்டேன்.

மாலையில் என் மகள் அதைப் புரட்டினாள். அவள் இந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் பணிபுரிகிறாள். தமிழ் புரியும், பேசும்போது வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று சற்றுத் தேடுவாள்.

"அப்பா, இங்க ஒரு மெட்ராஸ் பொண்ணு இருக்கு. அமுதா. லீக் பண்ணிட்டாளா அவ?"

"எங்கே?"

"நீதான் எழுதியிருக்க. நிரப்பினவங்க கவனக்குறைவுன்னு. பாவம்பா. திட்டினியா அவள?"

"இல்லை."

"நல்லவன்பா நீ," என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

நான் எழுந்து சமையலறைக்குச் சென்று, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினேன்.

2

நடந்ததைச் சொல்வதற்கு முன், அந்த நிலையம் எத்தகையது என்பதைச் சொல்லவேண்டும். அது தெரிந்தால்தான் நான் செய்ததன் அளவு தெரியும்.

நியூட்ரான் என்பது அணுவின் கருவில் உள்ள, மின்னேற்றம் இல்லாத துகள். அலுமினியச் சுவரை அது ஏறக்குறைய ஒன்றுமே இல்லாததுபோல் கடந்து செல்லும். ஒரு பொருளுக்குள் நீர் எங்கே தங்கியிருக்கிறது, எப்படி நகர்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டும். ஆனால் ஆய்வுக்குப் போதிய அளவில் அதை உண்டாக்க அணு உலையோ பெரிய துகள்முடுக்கியோ வேண்டும். எந்தக் கல்லூரியும் தன் வளாகத்தில் அதைக் கட்டிக்கொள்ள இயலாது. எனவே ஒரு நாடு கட்டுகிறது. பலர் வந்து பயன்படுத்துகிறார்கள். நம் தேசத்திலும் அத்தகைய பொது நிலையம் உண்டு; அங்கும் பல்கலைக்கழகத்தார் விண்ணப்பித்து நாள் பெறுகிறார்கள்.

இங்கே வழக்கம் இதுதான். செய்ய விரும்பும் ஆய்வை இரண்டு பக்கங்களில் எழுதி அனுப்பவேண்டும். ஆய்வாளர் குழு ஒன்று அதைப் படித்து நாள் ஒதுக்கும். பெரும்புகழ் பெற்ற பேராசிரியருக்கும் மூன்று நாள்; முதன்முறையாக விமானம் ஏறி வரும் இளம் ஆய்வாளருக்கும் மூன்று நாள். வந்ததும் பாதுகாப்புப் பாடம் கேட்டு, கேள்விகளுக்கு விடையெழுதி, கதிர்வீச்சை அளக்கும் வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு, விபத்து நேர்ந்தால் யாருக்குத் தெரிவிப்பது என்ற படிவத்தையும் நிரப்பிய பிறகே கதவு திறக்கும். கடைசி நாளுக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கருவியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிடவேண்டும். அவர் அதற்குள் விருந்தினர் விடுதியில் வந்து தங்கியிருப்பார். கெட்டுப்போன நாளை யாரும் திருப்பித் தர முடியாது. யாருடைய நாளிலிருந்து எடுத்துத் தருவது?

ஒவ்வொரு கருவியின் அருகிலும் ஒரு பதிவேடு இருக்கும். யார் நிரப்பினார், யார் அடைத்தார், என்ன பழுது நேர்ந்தது என்பதை அதில் எழுதவேண்டும். எழுதியதை அழிக்கலாகாது; தவறென்றால் ஒற்றைக் கோடு இட்டு, பக்கத்தில் கையொப்பமிட்டு, சரியானதை எழுதலாம். ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள் ஒரே கருவியை நம்பிப் பயன்படுத்துவது அந்த ஏட்டை நம்பித்தான். நான் அந்த ஏட்டில் பொய் எழுதினேன்.

3

ஆறு ஆண்டுகளுக்கு முன் அமுதா வந்தார். தரமணியில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவர். அப்போது முப்பது வயதிருக்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை வடிகட்டும் மெல்லிய சவ்வு ஒன்றை உருவாக்கியிருந்தார். நீர் அந்தச் சவ்வுக்குள் எவ்வழியாக நகர்கிறது என்று பார்க்கவேண்டும். தென்சென்னையில் குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தவர்களுக்கு அந்த ஆய்வின் பயனை நான் விளக்கத் தேவையில்லை.

என் சட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு ஓடி வந்தார்.

"சார், நீங்க தமிழா?"

"மயிலாப்பூர்."

"ஐயோ சார்! எங்கம்மா தெற்கு மாட வீதிலதான் சார் காய்கறி வித்தாங்க! நீங்ககூட வாங்கியிருப்பீங்க!"

சிறிது நேரம் கழித்து அவர் தாயாரோடு தொலைபேசியில் பேசுவது என் காதில் விழுந்தது. "ம்மா, துன்னுட்டேன்மா… குளிருதான், இன்னா பண்றது… இங்க ஒரு மயிலாப்பூர் சார் கீறாரு… ஆமா, நல்லா பேசிக்கினுதான் கீறாரு." அந்தப் பேச்சைக் கேட்டதும் என் காது அளந்துகொண்டது. நகரின் எந்தப் பகுதி, எப்படிப்பட்ட வீடு என்று ஒரு கணக்கு எனக்குள் ஓடி முடிந்தது. வெளியே நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

புறப்படும் முன்பே நான்கு நாள் கனநீரில், அதாவது கனமான ஹைட்ரஜன் கொண்ட நீரில், ஊறவைத்துக் கொண்டுவந்த சவ்வைக் கையுறையணிந்து இடுக்கியால் எடுத்து, பாத்திரத்தில் அடுக்கினார். விளிம்பை மூன்று முறை துடைத்தார். பிறகு வேலை என்னுடையது. இண்டியம் என்னும் மிக மென்மையான உலோகக் கம்பியை விளிம்பில் வளையமாக வைத்து, மூடியைப் பொருத்தி, எட்டுத் திருகாணிகளையும் முடுக்கவேண்டும். அந்தக் கம்பி நசுங்கி மெதுவாகப் பரவும். ஆகவே ஒரு மணி நேரம் விட்டு இரண்டாம் முறையும் முடுக்கவேண்டும். இரண்டாம் முறை முடுக்காத மூடி முதற்சோதனையில் கசியாது. வெற்றிடத்தில் பல மணி நேரம் இருந்த பிறகுதான் கசியும். புதிதாக வேலைக்குச் சேர்வோருக்கு இதைப் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தவன் நான்.

முதல் முறை முடுக்கியபின் அமுதாவைக் காபி அருந்த அழைத்துச் சென்றேன். அலுவலகத்தில் ஒருவரோடு தமிழில் பேசி எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. குளத்தில் இப்போது தண்ணீர் இருக்கிறதா, பறக்கும் ரயில் நிலையத்தில் மின்தூக்கி ஓடுகிறதா, அடையாற்றில் வெள்ளம் வந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. திரும்பியபோது கருவி காத்திருந்தது. பாத்திரத்தை அப்படியே எடுத்தேன்.

"சார், அந்த ரெண்டாவது டைட்டு?"

"ஆச்சும்மா."

"எப்ப சார்?"

"நீ கை கழுவப் போனபோது."

திருகுச்சாவியை எடுத்து எட்டுத் திருகாணிகளை முடுக்க மூன்று நிமிடம் ஆகும். மறந்தேன் என்று அவர் முன்னால் காட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை. நான் அடைத்தது கசியாது என்ற இறுமாப்பும் இருந்தது.

மறுநாள் நண்பகலுக்குள் திரையில் தெரிந்த கோடு மாறத் தொடங்கியது. கருவிப் பொறுப்பாளரான அம்மையார் பாத்திரத்தை வெளியே எடுக்கச் சொன்னார். திறந்தோம். சவ்வு காய்ந்து, வாழைச்சருகுபோல் சுருண்டிருந்தது. மறுபடி ஊறவைக்க நான்கு நாள் வேண்டும். அமுதாவுக்கு எஞ்சியிருந்ததோ ஒன்றரை நாள்.

"எதனால்?" என்று பொறுப்பாளர் என்னைக் கேட்டார்.

"சவ்வின் ஓர் இழை விளிம்பில் சிக்கியிருக்கவேண்டும். நிரப்பும்போது நேர்ந்திருக்கும்," என்றேன்.

அமுதா என்னைப் பார்க்கவில்லை, பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏட்டை எடுத்து எழுதினேன். கையெழுத்து வழக்கம்போல் நேராகவே விழுந்தது. அதையும் சொல்லிவிடவேண்டும்.

இந்நாட்டுப் பேராசிரியர் ஒருவர் அவ்விடத்தில் நின்றிருந்தால் நான் அவ்வாறு சொல்லியிருப்பேனா என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லியிருக்கமாட்டேன். அவர் எதிர்த்துக் கேட்பார் என்று அஞ்சியிருப்பேன். அமுதா கேட்கமாட்டார் என்று என் காது முன்தினமே அளந்து வைத்திருந்தது.

4

அதற்கு இரண்டு திங்கள் கழித்து இவ்விதழில் நான் ஒரு கட்டுரை எழுதினேன். வடதுருவக் குளிரில் நம் சென்னைப் பெண்மணி ஒருவருக்கு உடனிருந்து உதவிய பெருமையைப் பற்றியது அது. அமுதாவின் பெயரையும் போட்டேன். ஆய்வு இனிதே நிறைவுற்றதென்று எழுதினேன். வாசகர் பலர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அக்கடிதங்களை உறையோடு அடுக்கி வைத்திருந்தேன்.

5

இவ்வாண்டு தமக்கையாரைப் பார்க்கச் சென்னை வந்தேன். விமான நிலையத்தில் அயல்நாட்டவர் வரிசையில் நின்றேன். எத்தனை நாள் தங்குவீர்கள் என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். தமிழில் விடை சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி ஆங்கிலத்திலேயே முகவரி கேட்டார்.

தமக்கையார் அபிராமபுரத்தில் இருக்கிறார். நடந்ததை அவரிடம் சொன்னேன். அமுதாவை நேரில் பார்த்துப் பேசவேண்டும் என்றேன்.

"ஏண்டா சேஷு, இதுக்குன்னு அவா இருக்கற எடத்துக்குப் போவியா? போன்ல சொன்னாப் போறாதா?"

"போறாது அக்கா."

"அந்தப் பொண்ணே மறந்திருப்பள். நீ போய்க் கிளறிண்டு. எழுபது வயசுல வெட்கமா இல்லையோ?"

"இருக்கு. அதனாலதான்."

"என்னமோ போ. ஆத்துல சாப்பிட்டுட்டுக் கிளம்பு. வெயில்ல போய் மயக்கம் போட்டு விழுந்து வெக்காதே."

ஆட்டோவில் ஏறியதும் என் கை பழக்கத்தால் தோள்பக்கம் தடவியது.

"இன்னா சார் தேடிக்கினு கீற?" என்றார் ஓட்டுநர், கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி. "பெல்ட்டா? கம்பியப் புட்ச்சிக்கோ சார், அதான் பெல்ட்டு."

ஆய்வுக்கூட வாயிலில் காவலர் ஒரு நோட்டை நீட்டினார். பெயர், ஊர், சந்திப்பவர், நோக்கம். 'நோக்கம்' என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று நின்றேன். பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள்.

"அஃபிஷியலா பர்சனலா, அவ்ளோதான் சார். இதுக்குப் போய் ரோசன பண்றியே."

பர்சனல் என்று எழுதினேன்.

அமுதா கீழே வந்தார். தலையில் ஓரிரு நரை. என்னைக் கண்டதும் முகம் மலரவும் இல்லை, சுருங்கவும் இல்லை. மரத்தடிச் சிமெண்டுப் பெஞ்சில் அமர்ந்தோம். வழியெல்லாம் அமைத்து வைத்திருந்த வாக்கியங்களை விட்டுவிட்டு, நேராகச் சொன்னேன்.

"தெரியும் சார்," என்றார்.

"எப்படி?"

"கான்டீன்லேர்ந்து ஒண்ணாதான வந்தோம்? அதுக்கு முன்னாடி நான் கை கழுவப் போகவே இல்ல. கிளவுஸ் போட்டிருந்தேன்."

"பின்னே ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"சொல்லி? உங்களுக்கு அங்க இருபது வருஷத்துப் பேரு. நான் வந்து ரெண்டு நாளு. மீதி ஒன்றரை நாள்ல காஞ்ச சவ்வையாவது பாக்கணும்னா நீங்கதான் சார் எனக்கு எல்லாம் மாட்டித் தரணும்."

குரலில் சினமே இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

பிறகு சொன்னார். அதே ஆய்வுக்காக இருமுறை மறுபடி விண்ணப்பித்தாராம். மாதிரி தயாரிப்பதில் இவரை நம்பமுடியவில்லை என்று முதல்முறை குழு எழுதியது. இரண்டாம் முறை, முதல்முறை எழுதியதைக் காட்டியே மறுத்தார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஏட்டில் நான் எழுதிய வரிதான்.

"இந்த மாசக் கடைசில இன்னொரு தடவ போடுறேன் சார். இதான் லாஸ்ட். அதோட எங்க ப்ராஜெக்ட்டும் முடியுது."

"இன்றைக்கே அவர்களுக்கு எழுதிவிடுகிறேன்."

"எழுதுங்க. அது என் வேலைக்காக. ஆனா எங்கம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லணும் சார். நான் சொன்னா நம்பமாட்டேங்குது. உங்க கட்டுரைய யாரோ படிச்சுக் காட்டிட்டாங்க. 'அவ்ளோ பெரிய மனுசன் கூட நின்னு செஞ்சு குட்த்தாரு, எல்லாம் நல்லா நடந்துச்சுன்னு பேப்பர்லயே போட்டுக்கீது, அப்பறம் ஏன் உன்ன வோணாங்குறான்? நீ இன்னா பண்ணித் தொலச்ச?'ன்னு. ஆறு வருஷமா இதே பாட்டு."

6

வீடு பத்து நிமிட நடை. இரண்டாம் மாடி, இரண்டு அறைகள். சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் என் கட்டுரை பிளாஸ்டிக் உறையிட்டு ஆணியில் தொங்கியது.

தாயார் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்க சாமி, வாங்க! உக்காருங்க. நீங்கதான எம் பொண்ண அங்க பாத்துக்கினது? உங்க பேர நான் சொல்லாத நாளு கெடையாது." மகளைப் பார்த்து, "ஏய், ஃபேனப் போடு. சாமிக்கு வேர்க்குது பாரு," என்றார். நான் வாய் திறப்பதற்குள் காபி வந்துவிட்டது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். மூடி, திருகாணி, இரண்டாம் முறை என்று எல்லாவற்றையும் எளிய சொற்களில் சொன்னேன். முடித்தபின் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"ரெண்டாவது தபா முடுக்கல."

"இல்லை."

"எம் பொண்ணு கேட்டுச்சா?"

"கேட்டார்."

"நீ ஆச்சுன்ட்ட."

"ஆமாம்."

"கெட்டுப்போனப்பறம் எம் பொண்ணு மேலயே எழுதிட்ட."

"ஆமாம்."

"ம்மா, உடும்மா," என்றார் அமுதா, சமையலறை வாயிலிலிருந்து.

"நீ இருடீ." என்னை நேராகப் பார்த்தார். "ஏன் சாமி? எங்கள மாரி ஆளுங்கன்னா எழுதிட்டாப் போவுது, யாரு வந்து கேக்கப் போறாங்கன்னு தோணிச்சா?"

இல்லை என்று சொல்ல நாக்கு எழுந்தது. பதற்றம், மறதி, வேலைப் பளு என்று மரியாதையான காரணங்கள் பல இருந்தன. அவர் காத்திருந்தார்.

"ஆமாம்மா. அப்படித்தான் தோன்றியது."

அவர் மகளின் பக்கம் திரும்பினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறாண்டுகளாக மகளை ஏசியதெல்லாம் அப்போது அவர் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். அதற்கும் நானே காரணம்.

பிறகு எழுந்து, கட்டுரையை ஆணியிலிருந்து கழற்றி என் மடியில் வைத்தார்.

"இத நீயே எட்த்துக்கினு போ. இதுல எப்டிப் போட்டியோ, அதே பொஸ்தகத்துல, அதே மாரி போடு. எம் பொண்ணு பேரப் போட்டுப் போடு. எனுக்குப் படிக்கத் தெரியாது. அக்கம்பக்கத்துல எல்லாரையும் கூப்ட்டு உக்கார வெச்சிப் படிக்கச் சொல்லிக் கேப்பேன். கேட்டப்பறம் அத இந்த ஆணில மாட்றேன்."

"போடுகிறேன்."

"காபியக் குடி. ஆறிப்போச்சு."

குடித்தேன்.

7

அன்று பிற்பகலே நிலையத்துக்கு மின்னஞ்சலில் கடிதம் அனுப்பினேன். நான்கு நாளில் பதில் வந்தது. என் வரிக்கு மேல் ஒற்றைக் கோடு இட்டு, அடியில் திருத்தம் எழுதப்பட்டது. என் கடிதமும் பக்கத்தோடு இணைக்கப்பட்டது. நாள் ஒதுக்கும் குழுவுக்கும் படி அனுப்பப்பட்டது. வேறொரு சொல் அதில் இல்லை. முன்பெல்லாம் கடிதத்தின் அடியில் நலம் விசாரிப்பார்கள்.

மகளிடமும் சொன்னேன். அவள் இந்நாட்டு மொழியில், "அன்றைக்கு நான் கேட்டபோதே சொல்லியிருக்கலாமே," என்றாள். தமிழில் சொல்லியிருந்தால் வினைச்சொல்லைத் தேடும் நேரமாவது எனக்குக் கிடைத்திருக்கும்.

அமுதா விண்ணப்பித்துவிட்டார். முடிவு இதை எழுதும்வரை தெரியாது. குழு அவருடைய இரண்டு பக்கங்களை மட்டுமே வைத்து முடிவு செய்யும் என்று நம்புகிறேன். பொது நிலையம் என்பதன் பொருளே அதுதான். இடையில் போன ஆறு ஆண்டுகளை எந்தக் குழுவாலும் ஒதுக்கித் தர இயலாது.

ஆகவே, அக்கம்பக்கத்தார் கேட்க உரக்கப் படிக்கப்படும் என்பதை அறிந்தே, இந்த வரிகளை எழுதுகிறேன். தரமணி அமுதா தம் சவ்வைச் சரியாக நிரப்பினார். விளிம்பை மூன்று முறை துடைத்தார். இரண்டாம் முறை முடுக்கியாயிற்றா என்று கேட்கவேண்டியதைக் கேட்டார். முடுக்காதவன் ராமசேஷன். முடுக்கினேன் என்று சொன்னவனும், பழியை அவர்மேல் எழுதியவனும், அதன்பின் இவ்விதழில் பெருமை பேசியவனும் அவனே.

ஐயா, அம்மையீர், என் பழைய கட்டுரை உங்களிடம் இருந்தால், அதன் பக்கத்தில் இக்குறிப்பையும் எறிந்துவிடாமல் வைத்திருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.